எச்சமும் இணைப்பும்: ஆங்கிலக் கூட்டு வாக்கியம் கற்பித்தல் குறித்து ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்க்கென எழுதப்பெற்ற கட்டுரைப் பயிற்சி நூல்களைப் புரட்டினால், ஏதேனும் ஒரு பக்கத்தில் இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்று காணப்படும். கூட்டற்பொருளுக்கு 'அண்ட்', 'மோரோவர்'. முரண்பொருளுக்கு 'பட்', 'ஹவெவர்'. காரணப்பொருளுக்கு 'ஸோ', 'தேர்ஃபோர்' என வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப்பொருள் தந்து, கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியோடு அப்பக்கம் முடியும். தொடர்களை ஒட்டுவதற்குப் பசை போன்ற சில சொற்கள் உள்ளன, அவற்றை மனப்பாடம் செய்தால் கூட்டு வாக்கியம் தானே அமையும் என்பது இப்பட்டியலின் உட்கிடை. தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இவ்வுட்கிடை பிழையானது என்பதும், தமிழ்த் தொடரமைப்பைக் கணக்கில் கொள்ளாமையே அப்பிழையின் வேர் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்பெறும்.

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிற் குளத்தைச் சூழ்ந்த தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர்க்கு மாலை வேளைகளில் ஆங்கிலக் கட்டுரை பயிற்றும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகள் கிட்டியது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், தேர்வுத்தாளில் ஆங்கிலம் என்னும் மும்மொழிச் சூழல் அவர்களுடையது. குளக்கரைப் படியில் முதியவர் ஒருவர் விழுந்த நிகழ்ச்சியை எழுதிய மாணவன் ஒருவன், 'ஹிஸ் லெக் ஸ்லிப்ட் அண்ட் ஃபெல்' என எழுதியிருந்தான். ஆங்கில இலக்கணப்படி இதற்கு, 'அவருடைய கால் வழுக்கியது. அக்கால் விழுந்தது' என்பதே பொருள். முதியவர் நின்றிருக்க, கால் மட்டும் கழன்று விழுந்ததாக வாக்கியம் கூறுகிறது. இதில் வினைகள் சரியானவை, காலம் சரியானது, 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லும் பட்டியலில் உள்ளதே. ஆயினும் வாக்கியம் பிழைபட்டது. எங்கே?

தமிழில் 'கால் வழுக்கி விழுந்தார்' என்பது குற்றமற்ற தொடர். வழுக்கியது கால், விழுந்தவர் முதியவர். எச்சத்தின் எழுவாய் ஒன்று, முற்றின் எழுவாய் மற்றொன்று. எனினும் கேட்போர் எவரும் தடுமாறுவதில்லை. தொல்காப்பியர் வினையியலில் இதற்கு இடம் வகுத்திருக்கிறார். 'செய்து' முதலாய மூன்று எச்சங்களும் தம் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்று விதித்த பின்னர், சினையின் வினையாக அவ்வெச்சம் வருமிடத்துச் சினையோடு முடியாது முதலோடு முடியினும் அமையும் என்று புறனடை தருகிறார். கால் சினை, முதியவர் முதல். மாணவன் இவ்விதியை அறியாமலே பின்பற்றி ஆங்கிலத்தில் எழுதிவிட்டான். ஆங்கிலத்திற்கோ அவ்வாறு ஒரு புறனடை இல்லை. 'அண்ட்' என்பதன் பின் எழுவாய் கூறப்படாவிடின் முன்னைய எழுவாயே தொடரும் என்பது அம்மொழியின் நெகிழாத வழக்கு. ஆகவே அவனுக்குத் தேவைப்பட்டது இணைப்புச் சொல் பற்றிய பாடமன்று. எழுவாய் பற்றிய பாடம்.

எச்சம் செய்யும் பணி

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைக் காட்டிலும் தொடர்ச்சிப் பொருள் தரும் வினையெச்சங்களையே விரும்பிக் கையாள்கின்றன என்பதை அவற்றின் தனித்தன்மைகளுள் ஒன்றாகக் குறித்தார். இடையன்குடியில் வாழ்ந்து மக்கள் பேச்சை நாள்தோறும் கேட்டவர் அவர். இக்கருத்து மொழியியலார் அனைவரும் அறிந்ததே. ஆனால் ஆங்கிலம் கற்பிக்கும் நூலெதிலும் இதன் சுவடு இல்லை. அறிந்த உண்மை வகுப்பறை வாயிலைத் தாண்டவில்லை.

வினையெச்சம் இரு வினைகளை இணைக்கிறது. இணைப்பின் தன்மையை அது சொல்வதில்லை என்பதே இங்கு இன்றியமையாத செய்தி. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்னும் தொடரில் பெய்தல் நிறைதலுக்குக் காரணம். 'குளித்து உண்டான்' என்பதில் முன்பின் என்னும் கால வரிசை மட்டுமே. 'ஓடி வந்தான்' என்பதில் ஓடுதல் வருதலின் முறை. இரண்டு செயல்கள் அங்கு இல்லை. 'படித்தும் தேறவில்லை' என்று உம்மை சேர்ந்தால் முரண். நான்கிடத்தும் வாய்பாடு ஒன்றே. பொருளைக் கேட்போரின் உலகறிவு நிரப்புகிறது. முதல் தொடரில் எச்சமும் முற்றும் வேறு வேறு வினைமுதல் கொண்டிருத்தலால், 'பெய்து' என்பதனைப் 'பெய்ய' என்பதன் திரிபாகக் கொள்வது இலக்கண மரபு. எச்சத்திரிபு என்னும் இக்கருத்தைப் பழைய உரைகளில் காணும் இடுக்கண் தீர்க்கும் உத்தி என்றே நானும் முன்பு எண்ணியிருந்தேன். ஆங்கிலம் பயிற்றப் புகுந்த பின்னரே, இங்கே எழுவாய் மாறுகிறது என்று விரல் சுட்டிக் காட்டும் குறிப்பு அது என்பது புலனாயிற்று.

பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் ஒவ்வோர் எச்சத்தின் முன்னும் நின்று, எதிரே எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறான். எச்சத்திற்குப் பட்டியலில் இணை இல்லை. எனவே அருகிலுள்ள 'அண்ட்' என்பதனை எல்லா இடத்தும் நிறுவுகிறான். 'ஓடி வந்தான்' என்பது 'ஹி ரேன் அண்ட் கேம்' ஆகிறது. 'புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா' என்பது 'டேக் த புக் அண்ட் கம்' ஆகிறது. தமிழர் பேசும் ஆங்கிலத்தின் அடையாளமாக நகைக்கப்படும் இவ்வழக்குகள் சொல்லறிவின்மையால் தோன்றியவை அல்ல. ஒற்றைச் செயலின் முறையையும் இரு செயல்களின் வரிசையையும் தமிழ் ஒரே வடிவால் உணர்த்துகிறது. ஆங்கிலம் அவற்றைப் பிரித்து உணர்த்துகிறது. ('போய்ப் பார்' என்பதற்கு ஆங்கிலேயரும் 'கோ அண்ட் ஸீ' என்றே கூறுவர் என்பதால் மாணவனின் குழப்பம் மேலும் வளர்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

மூன்று வினைகளின் மக்கள்

தமிழில் இணைப்புச் சொற்களே இல்லையோ எனின், உண்டு. அவற்றின் பிறப்பை நோக்குதல் வேண்டும். ஆனால், ஆனாலும், ஆயினும், ஆகவே, ஆகையால், ஆதலால் ஆகியன 'ஆ' என்னும் வினையடியாகப் பிறந்தவை. எனவே, எனினும், என்றாலும், ஏனெனில் ஆகியன 'என்' என்னும் வினையடியின. இருந்தாலும், இருப்பினும் ஆகியன 'இரு' என்பதன் வழிவந்தவை. அதனால், மேலும், பின்னர் போன்ற சிலவற்றை ஒதுக்கினால், இன்றைய உரைநடையின் இணைப்புச் சொற்களில் பெரும்பாலானவை இம்மூன்று வினைகளின் மக்களே. 'கலியாணம் ஆனால் தெரியும்' என்னும்போது 'ஆனால்' இன்றும் நிபந்தனை வினையெச்சமாகவே நிற்கிறது. முரண்பொருள் தரும் 'ஆனால்' அதே சொல்தான்; முன்னே கூறப்பட்ட முழு வாக்கியத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, 'அது அவ்வாறாயின்' எனத் தொடங்கி, நாளடைவில் முரண்பொருளில் நிலைபெற்றது.

இதிலிருந்து கற்பித்தலுக்குரிய விளைவு ஒன்று பிறக்கிறது. தமிழ் இணைப்புச் சொல் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குவதில்லை. முடிந்துவிட்ட முன்வாக்கியத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு புதிய வாக்கியத்தைத் தொடங்கிவைக்கிறது. அதாவது 'ஆனால்' என்பதற்குப் பட்டியல்கள் தரும் நிகரன் 'பட்' ஆயினும், இயல்பால் அது 'ஹவெவர்' என்பதற்கே நெருங்கியது. குவர்க்கும் அவர்தம் உடனாசிரியர் மூவரும் 1972இலும் 1985இலும் வெளியிட்ட பேரிலக்கணங்களில், 'அண்ட்', 'ஆர்', 'பட்' ஆகிய மூன்றையே ஐயமற்ற இணையிடைச்சொற்களாகக் கொண்டு, 'ஸோ', 'யெட்' முதலியவற்றை அவற்றினின்றும் விலக்கி வைத்தனர். 'அண்ட் ஸோ', 'அண்ட் யெட்' எனலாம். 'அண்ட் பட்' எனலாகாது என்பது அவ்வேறுபாட்டைக் காட்டும் எளிய சோதனை. பட்டியல் நூல்களோ 'பட்', 'யெட்', 'ஹவெவர்' மூன்றையும் ஒரே நிரலில் அடுக்கி, எதிரே 'ஆனால்' என்று ஒருமுறை எழுதிவிடுகின்றன.

இந்நிரலின் பயனைத் தேர்வுத்தாள்களில் காணலாம். 'பட்' என்பதன் முன் காற்புள்ளி போதும். 'ஹவெவர்' என்பதன் முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும் என்பது ஆங்கில எழுத்து வழக்கு. மாணவன் இரண்டன் முன்னும் காற்புள்ளியே இடுகிறான். தமிழில் 'ஆனால்' என்பதன் முன் முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, காற்புள்ளி எதுவும் பொருந்தும், எதுவும் பிழையாகாது. நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் விரிவாகக் கையாண்ட ஆறுமுக நாவலர் காலந்தொட்டு இன்றுவரை, குறியின் தேர்வு நம்மிடையே மூச்சையும் பொருளையும் பொறுத்ததாக இருந்துவருகிறதே அன்றி, இணைப்புச் சொல்லின் இலக்கண வகையைப் பொறுத்ததாக அமையவில்லை. திருத்துவோர் இதனைக் கவனக்குறைவு எனக் கருதிச் சிவப்புக் கோடிட்டு மதிப்பெண் குறைக்கின்றனர். தன் மொழிக்குரிய ஒழுங்கை மாணவன் கவனத்தோடு பின்பற்றியதற்குக் கிடைத்த தண்டனை அது.

மற்றொரு பிழை 'பிக்காஸ்' என்று தொடங்கி 'ஸோ' என்று முடிப்பது. சீன மாணவரும் இவ்வாறு எழுதுவர்; அம்மொழியில் காரணச் சொல்லும் விளைவுச் சொல்லும் இணையாக வருதல் இயல்பு. தமிழில் காரணம் வேறு. 'ஏனென்றால்' என்பது ஒரு சொல்லன்று. 'ஏன் என்று வினவினால்' என்னும் தொடர். வினா எழுப்பினால் விடை 'ஆதலால்' என்று முடிவது பண்டை உரையாசிரியர்களின் நடை. 'என்னை எனின்' எனத் தொடங்கும் விளக்கம் 'ஆதலின்' என்று முடிவதைக் காணாத உரைநூல் அரிது. பள்ளிச் சிறுவன் அவ்வுரைகளைப் படித்திருக்கமாட்டான். எனினும் அவற்றின் வினாவிடைக் கட்டு அவன் பாட்டியின் பேச்சில் 'ஏன்னா... அதனாலே' என்று இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஒன்றைக் கெடுத்து மற்றதை வைக்கச் சொல்லும்போது, ஏன் என்று அவன் கேட்டால் ஆசிரியரிடம் விடை இருத்தல் வேண்டும்.

அண்டை மொழியின் குறுக்கீடு

ஸ்ரீவராகத்து மாணவரிடம், தமிழ்நாட்டு மாணவரிடம் காணாத பிழை ஒன்றும் உண்டு. 'ஹி கேம் ஹோம், ஏட் ரைஸ், வென்ட் டு த டெம்பிள்' என முற்றுவினைகளை இணைப்புச் சொல்லே இன்றிக் காற்புள்ளியால் மட்டும் அடுக்குவது அது. மலையாளவழிப் பயின்றவர் குறிப்பேடுகளிலேயே இதனை மிகுதியாகக் கண்டேன். மலையாளம் வினைமுற்றின் திணை பால் இட விகுதிகளை இழந்துவிட்டது. ஏ.ஆர். ராஜராஜவர்மா இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். தம் கேரளபாணினீயத்தில், தமிழினின்று மலையாளம் வேறுபட்ட ஆறு நயங்களுள் ஒன்றாக இதனைப் புருஷபேத நிராசம் என்று பெயரிட்டு விளக்கினார். இதன் பயனாகத் தமிழில் எச்சமாகிய 'கண்டு' மலையாளத்தில் முற்றாயிற்று. 'ஞான் கண்டு' என்றால் 'நான் கண்டேன்' என்பது பொருள். எச்சமாக வரும்போது இறுதி உகரம் குறுகி ஒலிக்கும். எழுத்தில் சந்திரக்கலை இடுவர். முற்றுக்கும் எச்சத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கு ஓர் உயிரின் அளவே.

வீட்டில் 'கண்டு' எச்சம். பள்ளியில் 'கண்டு' முற்று. இவ்விரு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைக்கு, வினை எங்கே முடிகிறது, எங்கே முடியாமல் தொங்குகிறது என்னும் உணர்வு தளர்வது வியப்பன்று என்பது என் கருத்து. மலையாளத்தின் இணைப்புச் சொற்களும் தமிழை ஒத்தவையே: 'என்னால்' என்பது நம் 'என்றால்', 'அதுகொண்டு' என்பது வெளிப்படை, 'எந்துகொண்டென்னால்' என்பது 'ஏனென்றால்' போன்ற வினாத்தொடர். 'பக்ஷே' மட்டும் வடமொழி வேற்றுமை வடிவம். ஆகவே இணைப்புச் சொல்லில் ஒருவகையான பிழையும், முற்றினை அறிவதில் வேறுவகையான பிழையும் இம்மாணவரிடம் ஒருசேர நிகழ்கின்றன. காற்புள்ளிப் பிழை என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரண்டையும் அடக்குவது நோய் இரண்டிற்கு மருந்து ஒன்று தருவதை ஒக்கும்.

தமிழிலக்கணமும் மொழிபெயர்ப்பும்

குறை ஆங்கில நூல்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளித் தமிழ் இலக்கணத்தில் தொடர்களைத் தனிநிலை, தொடர்நிலை, கலவை என மூவகைப்படுத்துவது ஆங்கிலப் பாகுபாட்டைத் தழுவியது. தொடர்நிலைத் தொடருக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் இரு முற்றுகளை அரைப்புள்ளியால் பிரித்து, இடையே 'அதனால்' அல்லது 'ஆனால்' இட்டுக் காட்டுவர். அது உண்மையில் இரண்டு வாக்கியங்கள். தமிழர் நாள்தோறும் பேசும் 'வந்து உண்டு உறங்கினான்' என்னும் தொடர் இப்பாகுபாட்டில் எங்கு அமையும்? முற்று ஒன்றே என்பதால் தனிநிலை எனலாம். செயல் மூன்று என்பதால் தொடர்நிலை எனலாம். இத்தொடரையே ஆங்கிலமாக்கினால் 'அண்ட்' வந்து கூட்டு வாக்கியத்தை ஒத்துவிடும். தமிழின் மிகப் பொதுவான தொடர்வகைக்கு இடம் தர இயலாத பாகுபாட்டைத் தமிழ் வகுப்பில் கற்பித்துவிட்டு, அதன் துணையால் ஆங்கில வகுப்பில் தெளிவு பிறக்கும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்செய்தி தலைகீழாகப் பொருந்தும். 'மற்று' என்பது பழைய இலக்கணங்களில் வினைமாற்றாகவும் அசைநிலையாகவும், நன்னூலில் பிறிதென்னும் பொருளினதாகவும் கூறப்பெறும் இடைச்சொல். எண்ணுப்பொருள் அதற்கில்லை, அப்பொருளுக்கு உம்மை உண்டு. இன்றோ அறிவிப்புப் பலகைகளிலும் அரசாணைகளிலும் 'கல்வியும் சுகாதாரமும்' மறைந்து 'கல்வி மற்றும் சுகாதாரம்' வழங்குகிறது. ஆங்கிலத்தில் இருபெயர்க்கிடையே ஒரு சொல் நிற்பதால் தமிழிலும் அவ்விடத்தில் ஒரு சொல் நிற்க வேண்டும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஸ்ரீவராகத்துச் சிறுவன் தமிழ்க் கட்டினை ஆங்கிலத்தில் ஏற்றினான். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலக் கட்டினைத் தமிழில் ஏற்றுகிறார். சிறுவனுக்கு மதிப்பெண் குறைகிறது. மொழிபெயர்ப்பாளரின் பிழை வழக்காகிவிடுகிறது. பத்திதோறும் 'மேலும்' என்று தொடங்கும் நம் ஆய்வுக்கட்டுரை நடையும் இவ்வழியில் வந்ததே; இக்குற்றத்தினின்று நானும் முற்றும் நீங்கியவனல்லேன்.

மறுப்பு ஒன்றும், பயிற்சி ஒன்றும்

பிழைகள் யாவும் தாய்மொழியின் விளைவல்ல என்று இங்கு மறுக்கலாம். லாடோ 1957இல் முன்வைத்த ஒப்பீட்டு முறையை, கார்டர் 1967இலும் செலிங்கர் 1972இலும் எழுதிய கட்டுரைகள் ஆட்டங்காணச் செய்தன. கற்போன் தனக்கென ஓர் இடைமொழியை அமைத்துக்கொள்கிறான் என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் காற்புள்ளியால் வாக்கியங்களை ஒட்டுகின்றனர். மறுப்பதற்கில்லை. ஆயினும் கால் கழன்று விழும் வாக்கியத்தை அப்பிள்ளைகள் எழுதுவதில்லை. தாய்மொழியை விலக்கிக் கற்பிக்கும் அமைப்பு முறை 1950களிலிருந்து நம் பள்ளிகளில் பரவியபோது, பழைய மொழிபெயர்ப்பு முறையின் சுமையோடு சேர்த்து, இரு மொழிகளை அருகருகே வைத்து நோக்கும் நன்மையையும் நாம் இழந்தோம்.

இணைப்புச் சொல்லைக் கடைசியில் கற்பிக்க வேண்டும் என்பதே என் துணிபு. முதலில் மாணவன் தான் சொல்ல விரும்புவதைத் தமிழில் இயல்பாக எழுதட்டும். முற்று எத்தனை, எச்சம் எத்தனை என எண்ணட்டும். ஒவ்வோர் எச்சத்தின் மேலும் அதன் எழுவாயைச் சிறிய எழுத்தில் குறிக்கட்டும். பிறகு ஒவ்வோர் எச்சத்தையும் நோக்கி, இது காரணமா, வரிசையா, முறையா, முரணா என வினவட்டும். முறையாயின் அது ஆங்கிலத்தில் தனி வாக்கியமாகாது, முற்றுவினைக்குள் அடங்கும். காரணமாயின் 'ஸோ' என்றோ 'பிக்காஸ்' என்றோ ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடவேண்டும். வரிசையாயின் 'அண்ட்' ஒருமுறை, சங்கிலியின் இறுதியில் மட்டும். எழுவாய் மாறுமாயின் அதனை வெளிப்படக் கூற வேண்டும். ரென்னும் மார்ட்டினும் இயற்றிய இலக்கண நூலில் தனி வாக்கியத்தைக் கூட்டு வாக்கியமாக மாற்றும் பயிற்சிகள் உண்டு. பழமையானவை என்று அவற்றை எள்ளுவார் உளர். ஆனால் வினையெச்சத்தோடு பொருத்திக் கற்பித்தால், தமிழ் மாணவர்க்கு இணைப்புச் சொற்பட்டியலைவிட அவை பன்மடங்கு பயன்தரக் கண்டேன்.

குளக்கரை நிகழ்ச்சியை அச்சிறுவன் இம்முறையில் மீண்டும் எழுதினான். 'கால் வழுக்கி விழுந்தார்' என எழுதி, 'வழுக்கி' என்பதன்மேல் 'கால்' என்றும், 'விழுந்தார்' என்பதன்மேல் 'தாத்தா' என்றும் குறித்தான். இரண்டும் வேறாயிருத்தலைத் தானே கண்டு சற்று நேரம் தாளையே நோக்கியிருந்தான். பின்னர் 'த ஓல்ட் மேன் ஸ்லிப்ட் அண்ட் ஃபெல்' என்று எழுதிவிட்டு, "கால் எங்க போச்சு, சார்?" என்று கேட்டான். 'ஸ்லிப்ட்' என்னும் வினைக்குள்ளேயே அது இருக்கிறது என்றேன். அடுத்த வரியில், 'மழை பெய்து படியெல்லாம் பாசி பிடித்திருந்தது' என்பதனை எடுத்துக்கொண்டு, 'பெய்து' என்பதன்மேல் 'மழை' என்று குறிக்கத் தொடங்கினான்.